ஒரு வருட விலாசம்

இருபத்தைந்து வயதுக்குள் விபின் ஐந்து ஊர்களில் குடியிருந்து முடித்திருந்தான். அதில் ஒன்றுகூட அவனாகக் கேட்டுப் போன ஊர் இல்லை.

பனச்சமூட்டுக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள் அவன் வீடு. அப்பா பொன்னப்பன் சந்தையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் படித்த விபினுக்கு, தொண்ணூற்றாறு கடைசியில் திருவனந்தபுரத்து நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. இணையப் பக்கங்கள் வடிவமைக்கும் வேலை. அது என்ன வேலை என்று சந்தையில் கேட்டவர்களுக்கெல்லாம் பொன்னப்பன் ஒரே பதிலைச் சொல்லிவந்தார்: “கம்ப்யூட்டர்ல போர்டு எழுதுவான்.”

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஓட்டல் முதலாளி ஒருவருக்குப் பக்கம் செய்ய வேண்டும். மூன்று வாரம் என்று சொன்னது நாலு மாதம் ஆயிற்று. ஓட்டலின் பெயர் சுழல வேண்டும் என்றார் முதலாளி. சுழலவிட்டால் பக்கம் திறக்க ஐந்து நிமிடம் ஆனது. ஏன் இவ்வளவு நேரம் என்று அவரே கத்தினார். அந்த வேலை முடிவதற்குள் நிறுவனம் கைமாறி, புதியவர்கள் அவனை ஹைதராபாத்துக்கு மாற்றினார்கள். அங்கே மூன்று மாதம், பிறகு சென்னையில் ஐந்து மாதம், அப்புறம் பம்பாய்.

ஒவ்வொரு முறையும் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. போர்வையில் சுற்றி பெர்த்தில் வைத்தால் இவன் உட்கார இடமிருக்காது. கீழே வைத்தால் யாராவது கால் நீட்டுவார்கள். ஊர் போய் இறங்கினால் அறைக்கு அலைச்சல், முன்பணம், கேஸ் இல்லாத சமையல், தெரியாத பாஷையில் தண்ணீர்க்காரனோடு சண்டை. எல்லாம் பழகி, எந்தக் கடையில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளும்போது அடுத்த ஊருக்கு உத்தரவு வந்துவிடும்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் பம்பாய் அலுவலகத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் சதாசிவன். விபினின் பழைய மேலாளர், அங்கே போய் ஒரு வருடமாகிறது.

“விபினே, இஞ்ச ஒரு வேலை உண்டு. ரெண்டு வருசம். ஒரே ஆபீஸ், ஒரே வீடு. ஒரு எடத்துக்கும் மாத்த மாட்டாவ. வாறியா?”

“வாறேன்” என்றான் விபின். என்ன வேலை என்றுகூட விசாரிக்கவில்லை. ஒரே வீடு என்ற சொல்லிலேயே அவன் விழுந்துவிட்டான்.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து பாஸ்போர்ட்டுக்கான படிவத்தை வாங்கினான். கடந்த ஒரு வருடமாக எங்கே வசித்தீர்கள் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. கொடுத்திருந்த இடம் ஒரு விலாசத்துக்குத்தான் போதும். இவனுக்கு நாலு. தனித்தாள் இணைத்து எழுதிக் கொடுத்தான். கவுண்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நாலு ஊர்லயும் போலீஸ் விசாரிக்கணும். தெரியுமில்லே?”

“விசாரிக்கட்டு சாரே.”

“வீட்டு விலாசத்திலும் விசாரிப்பாங்க.”

அது எளிது என்றுதான் விபின் நினைத்தான். பிறந்து வளர்ந்த வீடு, ஊரெல்லாம் தெரிந்தவர்கள்.

அவன் ஏதோ சான்றிதழுக்காக வெளியே போயிருந்த ஒரு நாளில் போலீஸ்காரர் வந்தார். முதலில் முக்கில் கிருஷ்ணன்குட்டியின் டீக்கடையில் விசாரித்தார். “விபினா? அவன் பம்பாய்லயாக்கும் சாரே” என்று கிருஷ்ணன்குட்டி பெருமையோடு சொல்லி அனுப்பினார். வீட்டு வாசலில் விபினின் அம்மா கிருஷ்ணம்மா நின்றிருந்தாள்.

“விபின் இவிடெத்தன்னெயாணோ தாமசம்?” என்று போலீஸ்காரர் மலையாளத்தில் கேட்டார்.

இவன் இங்கேதான் குடியிருக்கிறானா என்பது கேள்வி. ஒன்றரை வருடமாக யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் என்று காத்திருந்த கிருஷ்ணம்மாவுக்கு அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது.

“அத ஏன் கேக்குதிய சாரே! வருசத்துல நாலு நாளு எனக்க மவன் இந்த வீட்டுல இருந்தது கெடையாது. ஓணத்துக்கு வரல்ல. அவனுக்க மாமன் மவளுக்க கல்யாணத்துக்கு வரல்ல. இப்பம் எங்க கெடக்கானோ!”

போலீஸ்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டீ வேண்டாம் என்றார். அங்கே குடியிருப்பவன் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

விபின் வந்து விஷயத்தைக் கேட்டதும் நேரே அடுக்களைக்குப் போனான்.

“அம்மே, நீ எதுக்காக்கும் இத போலீசுகிட்ட பறஞ்ச?”

“கேட்டாரு, பறஞ்சேன். பொய்யா சொன்னேன்? நீ இருந்தியா?”

பொய்யில்லை என்பதுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது. அன்று சாப்பிடாமல் சந்தைவரை நடந்துவிட்டு வந்தான்.

அடுத்த இடி சென்னையிலிருந்து வந்தது. சூளைமேட்டில் அவன் ஐந்து மாதம் குடியிருந்த மாடியறையின் சொந்தக்காரி ரத்னபாய், அப்படி ஒரு ஆள் தன் வீட்டில் இருந்ததே இல்லை என்று போலீசிடம் சொல்லிவிட்டாள். விபின் ரயிலேறி நேரில் போனான். கதவைத் திறந்ததும் ரத்னபாய்க்கு முகமெல்லாம் மலர்ந்தது. உட்காரவைத்து மூன்று தோசை வார்த்துப் போட்டாள்.

“ஆன்டி, நான் இங்க இருந்தேன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க.”

“நீ தங்கமான புள்ளப்பா. ஆனா எழுத மாட்டேன். மாடில ஆள் வெச்சிருக்கேன்னு தெரிஞ்சா கார்ப்பரேஷன்காரன் வந்து நிப்பான். இன்னொரு தோசை போடட்டுமா?”

தோசையைத் தின்றுவிட்டுத் திரும்பினான். ஹைதராபாத்திலோ அவன் இருந்த கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். அங்கே போன போலீஸ்காரருக்கு விசாரிக்கச் சுவர்கூட இல்லை. ஜூன் மாதம் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரே விலாசத்தில் ஒரு வருடம் வசித்துவிட்டு மறுபடி விண்ணப்பிப்பதுதான் நல்லது என்று கவுண்டர்க்காரரே அவனுக்குச் சொன்னார். அவர் அதை இரக்கத்தோடுதான் சொன்னார்.

ஒரு இடத்தில் நிம்மதியாக இருக்கத்தானே போகிறேன், அதற்கு முன்னால் ஒரு இடத்தில் இருந்து காட்ட வேண்டுமாம் என்று விபின் சதாசிவனிடம் போனில் கத்தினான். அவ்வளவு காலம் இங்கே காத்திருக்க மாட்டார்கள் என்றார் சதாசிவன். அந்த வேலைக்கு அடுத்த மாதமே வேறு ஆள் வந்துவிட்டான்.

வேலை போனபிறகு பாஸ்போர்ட் எதற்கு என்று பொன்னப்பன் கேட்டார். விபினுக்கு விட மனமில்லை. ஒரு வருடம் இந்த வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டான். திருவனந்தபுரத்தில் வேறொரு வேலை தேடிக்கொண்டு, காலையில் பஸ் பிடித்து பாறசாலைக்கு வந்து, அங்கிருந்து பாசஞ்சரில் நின்றபடி போய், மாலையில் அதே மாதிரி திரும்பி வந்தான். ஐந்து ஊர் பார்த்தவனுக்கு ஒரே வீட்டில் இருப்பது அதைவிடப் பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் இணையத்துக்குப் போன் லைனை எடுத்துக்கொள்வான். ஒரு படம் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஷீட் விலை கேட்கப் பொன்னப்பன் ரிசீவரைத் தூக்குவார். தொடர்பு அறுந்துவிடும்.

“அப்பா!”

“எலே, கோட்டயத்துல ரேட் என்னன்னு கேக்கண்டாமா? உனக்க போர்டு எழுத்துக்கு எனக்க போனாக்கும் கெடச்சுது?”

எட்டாம் மாதம் புதிய மேலாளர் யோசுவா அவனைக் கூப்பிட்டு புனேக்குப் போகச் சொன்னார். ஆறு மாதம், சம்பளம் கூடுதல்.

“முடியாது சார்.”

“வீட்டுல யாருக்காவது சுகமில்லையா?”

“இல்ல சார். எனக்கு இன்னும் நாலு மாசம் உண்டு.”

யோசுவாவுக்கு ஏதும் புரியவில்லை. விபின் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். அந்த அறையில் இருந்தவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். விபின் சிரிக்கவில்லை. புனேக்கு வேறு ஆள் போனான்.

ஒரு வருடம் நிறைந்த மறுநாளே விண்ணப்பித்தான். அதே போலீஸ்காரர் வருவார் என்று தெரிந்து, அம்மாவைக் கூப்பிட்டு, மூன்றே சொல், “இஞ்சதான் உண்டு சாரே”, அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எச்சரித்தான். விசாரணை நாளில் கிருஷ்ணம்மா அந்த மூன்று சொல்லையும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கோபமாக இருக்கிறாள் என்று போலீஸ்காரர் நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தொண்ணூற்றொன்பது செப்டம்பரில் பாஸ்போர்ட் வந்தது. விபின் சிங்கப்பூருக்குப் போன் செய்து சொன்னான்.

“நல்லது மக்கா” என்றார் சதாசிவன். “ஆனா இஞ்ச கம்பெனியப் பூட்டியாச்சு. நானே அடுத்த மாசம் ஊருக்கு வாறேன்.”

விபின் ரிசீவரை வைத்தான். யார்மேல் கோபப்படுவது என்றே அவனுக்குத் தெரியவில்லை. சதாசிவன்மேல் இல்லை, போலீஸ்காரர்மேலும் இல்லை. இரண்டு நாள் வழக்கம்போல பாசஞ்சரில் நின்றபடி வேலைக்குப் போய்வந்தான். மூன்றாம் நாள் அலுவலகத்தில் யோசுவா, கல்கத்தாவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“நான் போறேன் சார்” என்றான் விபின். எத்தனை மாதம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டாலும் சரியாகச் சொல்ல மாட்டார்கள் என்று தெரியும்.