வட்டவிதானையாரும் நான்கு மணி நேர மருந்தும்

கட்டில் ஆடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றரை மணி. ஆண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் சம்மாந்துறை வட்டவிதானையார் பல் கிட்டி நடுங்கினார். உதடு நீலம் பூத்திருந்தது. நாடி ஒழுங்கில்லாமல் ஓடியது. அண்ணாந்து பார்த்தேன். ஒன்றரை மணிவரை இறங்கவேண்டிய போத்தலில் கால்வாசிகூட மிச்சமில்லை.

அப்போது நான் முப்பது வருடம் தாதியாக இருந்தவள். கை தன் வேலையைச் செய்தது. துளி இறங்கும் குழாயிலிருந்த ரோலரைப் பூட்டினேன். டொக்டரைக் கூப்பிட்டேன். ஒட்சிசன் போட்டேன். ஈசீஜீ மெஷினை இழுத்து வந்தேன்.

1. முசுப்பாத்தி தெரியாத மருந்து

மருந்தின் பெயர் அம்ஃபோடெரிசின். வார்டில் நாங்கள் அம்ஃபோ என்போம். தேமலுக்குக் கொடுப்பதல்ல. இரத்தத்திலும் மூளை உறையிலும் முகத்து எலும்பிலும் இறங்கிவிட்ட பங்கசுக்கு, அதாவது பூஞ்சைக்கு, கொடுப்பது. வட்டவிதானையாருக்குக் கட்டுப்பாடில்லாத சீனி வருத்தம். பங்கசு மூக்குக்குள் தொடங்கிக் கன்ன எலும்பைத் தின்று வலக் கண்ணை நெருங்கியிருந்தது. அழுகியதைச் சத்திரசிகிச்சையில் எடுத்தாயிற்று. மிச்சத்தை அம்ஃபோதான் கொல்ல வேண்டும். மருந்து நின்றால் கண் போகும், பிறகு ஆளும் போவார்.

நல்ல மருந்து, ஆனால் அதோடு முசுப்பாத்தியாய் விளையாட முடியாது. டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சீனிக் கரைசலில்தான் கலக்க வேண்டும். உப்புக் கரைசலான சேலைன் பட்டால் பால்போலத் திரிந்துவிடும். ஆனாலும் கிட்னியைக் காக்க முதலில் சேலைனைத் தனியாக ஏற்றி, லைனை டெக்ஸ்ட்ரோஸால் கழுவிவிட்டுத்தான் மருந்தைத் தொடங்குவோம். கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் விடாமல் பார்ப்போம். இதே பெயரில் கொழுப்புறை போட்ட இன்னொரு வகையும் உண்டு. அதன் அளவு பலமடங்கு கூட, அந்த அளவில் இதைக் கொடுத்தால் ஆள் தப்பமாட்டார். எல்லாவற்றையும்விட முக்கியம், மெதுவாக ஏற்றுவது. நாங்கள் நான்கு மணி நேரம் வைத்திருந்தோம்.

முதல் நாளே அவருடைய மனைவி என்னை மடக்கினார்.

"சீனி வருத்தக்காரருக்குச் சீனித் தண்ணியா ஏத்துறீங்க, மிஸ்?"

"ஓம் ராத்தா. அதுக்குத்தான் இன்சுலினைக் கூட்டி வெச்சிருக்கம்."

இப்படி எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. அந்தத் தலைக்கனத்தில்தான் ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

2. திறந்தது யார்

ஒன்றரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. நாடியும் ஒழுங்குக்கு வந்தது. டொக்டர் ஈசீஜீத் தாளை மடித்துவிட்டு, மருந்தின் வேகத்தைத் தானே அளந்து விடும் பம்பைத் தேடினார்.

"பம்ப் எங்க, சிஸ்டர்?"

"மற்ற வார்டுக்குப் போயிட்டு, சேர். துளி எண்ணித்தான் விட்டனான்."

"இன்னொருக்கா இப்பிடி வந்தா மருந்த நிப்பாட்டத்தான் வேணும். அந்த இதயம் தாங்காது."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "நான்தான் திறந்த, மிஸ்."

வட்டவிதானை என்றால் வட்டை என்னும் வயல்வெளிக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுபவர். எந்தக் கதவை எப்போது எவ்வளவு திறப்பது என்பது அவர் முடிவு.

"ஒரு வட்டைக்கே தண்ணி திறந்து உடுறவன் நான். இந்த ரோலர் எனக்குப் பெரிய வேலையா? கெதியா முடிஞ்சா ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகலாமெண்டு பாத்த."

"வருத்தக்காரருக்கு ஜும்ஆ கடமை இல்லையே, காக்கா" என்றார் டொக்டர், அண்ணனிடம் சொல்வதுபோல. அவரும் தொழுகைக்குப் போகப் புறப்பட்டிருந்தவர்தான்.

"தெரியும் சேர். ரெண்டு ஜும்ஆ உட்டுட்டன். தொடந்து மூணு உட்டா உள்ளத்துல முத்திரை உழுந்திருமெண்டு சொல்ற, மூணாவதையும் உட மனம் கேக்கல்ல."

சொல்லிவிட்டு அழுதார். அந்த ஜும்ஆவும் போய்விட்டிருந்தது. எனக்கு முதலில் கோபம், பிறகு வெட்கம். நான் கல்முனைக்குப் பக்கத்துப் பாண்டிருப்பில் பிறந்தவள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் கல்முனைக் கடைகளில் பாதி அடைபடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அப்படியிருந்தும் காலையில் அவரிடம், "ஒண்டரைக்கு முடியும், காக்கா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன். துளியை எண்ணியவள் கிழமையை எண்ணவில்லை.

3. அடுத்த வெள்ளி

மறுநாள் பம்புடன், வேகத்தை இன்னும் குறைத்து, மருந்தைத் திரும்பத் தொடங்கினோம். உடம்பு தாங்கியது. அடுத்த வெள்ளிக்கிழமை நான் விடியற்காலைச் சுபஹுப் பாங்குக்கே வார்டுக்கு வந்து சேலைனை ஏற்றினேன். மருந்து ஆறரைக்குத் தொடங்கியது.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, நேரமெடுக்கும் எந்த மருந்தைத் தூக்கிக் கொளுவுமுன்னும் நோயாளியிடம் ஒன்று கேட்டேன்: "இண்டைக்கு உங்களுக்கு என்ன அலுவல் இருக்கு?" இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளே, கட்டிலில் கிடப்பவருக்கு என்ன அலுவல் என்று நினைக்காதீர்கள். கேளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மருந்து முடிந்து பம்ப் சத்தமிட்டது. லைனைக் கழுவி முடித்தேன். வட்டவிதானையாரின் கை ரோலரை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தார்.

"மிஸ், பூட்டட்டா?"

"பூட்டுங்க, காக்கா."

பூட்டிவிட்டுத் தலையணைக்கடியில் தொழுகைத் தொப்பியைத் தேடினார்.