நேசம் சுவாமியைப் பற்றி இரண்டு பேச்சு

செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றேன். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லம். காலைச் சாப்பாட்டு நேரம். என்னோடு அதே பிரிவில் வேலை செய்யும் றெஜினா கைபேசியை எடுத்துப் பார்த்தாள், திரும்பச் சட்டைப் பைக்குள் வைத்தாள், தான் ஊட்டிக்கொண்டிருந்த முதியவருக்கு மீதிக் கஞ்சியையும் ஊட்டி முடித்தாள். அவருடைய வாயைத் துடைத்துவிட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

“சுவாமி மோசம் போயிட்டாராம்” என்றாள்.

இறந்தது எந்தச் சுவாமி என்று நான் கேட்கவில்லை. அருட்தந்தை பிலிப்பு நேசராசா நெடுநாளாக நோயில் இருந்தார். மன்னாரில் பிறந்து, குருவாகி, நடுவயதில் நோர்வேக்கு வந்து, ஒஸ்லோவிலும் திராமனிலும் தமிழ்ப் பூசை வைத்தவர். ஊரில் வளர்ந்தவர்களுக்கு அவர் நேசம் சுவாமி. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பாதர். நான் திருகோணமலைச் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர் வானொலி ஒன்றில் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறேன். அவருடைய பழக்கம் அதனால் வந்தது. இதை வாசிப்பவர்களில் அவருடைய பூசையில் முழந்தாளிட்ட உங்களுக்கு அவரைப் பற்றி என்னைவிடக் கூடுதலாகத் தெரியும். ஆனால் அவரைப் பற்றி இந்த நகரத்தில் இருந்த இரண்டு பேச்சையும் ஒரே கதிரையில் இருந்து கேட்டவள் நான். அதனால் எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் பங்குச்சபைத் தலைவர் அருமைநாதன் அண்ணர் அழைத்தார்.

“தங்கச்சி, இந்தக் கிழமை சுவாமிக்கு அஞ்சலி போடுவீங்கள்தானே?”

“ஓம் அண்ணை.”

“அவற்ர வாழ்க்கை வரலாறு வாசியுங்கோ. ரெண்டு ஞானப்பாட்டுப் போடுங்கோ. லைன் மட்டும் திறக்க வேண்டாம். திறந்தால் சனம் றெஜினான்ர கதையைத்தான் எடுக்கும். செத்த வீட்டில அது தேவையில்லை.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

றெஜினாவின் கதை இந்த நகரத்தில் எல்லோருக்கும் தெரியும் என்றாலும், பாதிதான் சரியாகத் தெரியும். அவள் இளவயதில் கோயிலில் திருமணம் செய்தவள். மெலனி என்று ஒரு மகள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிச் சில வருடங்களில் கணவர் பிரிந்து பேர்கனுக்குப் போய்விட்டார். சட்டப்படி மணமுறிவும் ஆனது. நெடுங்காலம் தனியாக இருந்தவள், பிறகு தயாபரன் என்பவரைக் கட்ட முடிவு செய்தாள். அவரும் கத்தோலிக்கர். கோயிலில் கட்டவேண்டும் என்பது இருவருக்கும் ஆசை. சுவாமியிடம் கேட்டார்கள். முதல் கணவர் உயிரோடு இருக்கும்போது இரண்டாம் திருமணத்தைத் திருச்சபை ஏற்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பதில் சொல்ல அவர் றெஜினாவின் வீட்டுக்கே வந்தார். வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கப் போயிருந்த நானும் அங்கே இருந்தேன். வெளியே நல்ல பனி. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவருக்குத் தயாபரன் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் இருக்கவில்லை.

“நான் கட்டி வைக்க மாட்டன், பிள்ளை. அதை முதல் சொல்லிப்போட்டுத்தான் இருக்கவேணும்.”

சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். றெஜினா அவரை ஏசத் தொடங்கினாள். விட்டுவிட்டுப் போனவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, அவன் சந்தோசமாக இருக்கிறான், கோயிலைக் கூட்டிக் கழுவின எனக்குத்தான் கதவைச் சாத்துகிறீர்கள் என்றாள். அவர் நடுவில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் களைத்துப்போய் நிறுத்தியதும், இன்னொரு வழி உண்டு என்றார். திருச்சபையின் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லுபடியாகவில்லை என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னால், கோயிலில் கட்டத் தடையில்லை.

“அப்ப நான் அந்தாளோட வாழேல்லை எண்டு சொல்லவேணுமோ?”

“வாழேல்லை எண்டு இல்லை. வாழ்ந்தது திருச்சபை சொல்லுற கலியாணமா இருக்கேல்லை எண்டு.”

“எனக்கு ரெண்டும் ஒண்டுதான், சுவாமி. நான் அண்டைக்கு மனசார ஓம் எண்டுதான் சொன்னனான். அந்தாளும் அப்ப மனசாரத்தான் சொன்னவர். பிறகு விட்டிட்டுப் போனது வேற. நடந்ததை இல்லை எண்டு நான் எழுதிக் குடுக்க மாட்டன்.”

மெலனி அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சுவரோடு சாய்ந்து நின்றவள் கேட்டாள்: “பாதர், அந்தக் கலியாணம் செல்லாது எண்டால், அப்ப நான் ஆர்?”

“நீர் உம்மட அம்மான்ர மகள். அதில எந்தக் கோடும் கிழிக்க ஒருத்தருக்கும் உரிமை இல்லை, எங்கட நீதிமன்றத்துக்கும் இல்லை.”

நீதிமன்றத்தைப் பற்றி அவர் திரும்ப வற்புறுத்தவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

பதிவுத் திருமணம் நகரசபை மண்டபத்தில் நடந்தது. சில நிமிடங்களில் முடிகிற காரியம். நாங்கள் ஒரு சின்னக் கூட்டம். கையெழுத்து வைக்கும் நேரம் திரும்பிப் பார்த்தால், கழுத்தில் குருவின் வெள்ளைப் பட்டியோடு சுவாமி கடைசியில் நிற்கிறார். அவர் ஆசீர் கொடுக்கவில்லை. செபம் சொல்லவில்லை. தயாபரனுக்குக் கை கொடுத்தார், கேக் ஒரு துண்டு சாப்பிட்டார், ட்ராம் பிடித்துப் போனார்.

யாரோ எடுத்த படம் ஒன்று அன்றைக்கே எல்லோருடைய கைபேசிக்கும் போய்விட்டது. இரண்டு பேச்சும் அங்கேதான் தொடங்கின. பிழை என்று தெரிந்தால் ஏன் போனார் என்றது ஒரு பகுதி. போக முடிந்தவருக்கு ஒரு சிலுவை போட்டு ஆசீர் கொடுக்க ஏன் முடியவில்லை என்றது மற்றப் பகுதி. எங்கள் வேலையிடத்து நோர்வேஜியப் பெண்களுக்கு இரண்டும் விளங்கவில்லை. வளர்ந்த ஒரு பெண் எதற்காக ஒரு பாதிரியாரின் சம்மதத்தைக் கேட்கிறாள் என்பதுதான் அவர்களின் கேள்வி. “சம்மதம் கேக்கேல்லை, கோயில் என்ர வீடு” என்று றெஜினா அவர்களுக்கு நோர்வேஜிய மொழியில் விளக்கிப் பார்த்தாள். தலையாட்டினார்கள்.

நான் சுவாமியை வானொலிக்கு அழைத்தேன். தன் பெயரைச் சொல்லிக் கதைக்கலாம் என்று றெஜினாவும் சம்மதித்திருந்தாள். லைன்கள் நிரம்பி வழிந்தன. திராமனில் இருந்து ஒருவர், “பாதர், சட்டம் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் நிண்டால் நாங்கள் பிள்ளையளுக்கு என்னத்தைச் சொல்லுறது?” என்று கேட்டார்.

“சட்டம் என்ர சொத்து இல்லை, அதை மாத்த எனக்கு ஏலாது. கால் என்ர கால். அது எங்க போறதெண்டு நான் தீர்மானிக்கலாம்” என்றார் சுவாமி.

துரொண்ட்ஹெய்மில் இருந்து ஒரு பெண், “அப்ப அந்தப் பிள்ளை என்ன பிழை செய்தவ எண்டு கோயிலுக்கு வெளியில நிக்கிறா?” என்று கேட்டாள். அவர் சொன்னார்:

“அவ பொய் சொல்ல மாட்டன் எண்டவ. அதுக்காகத்தான் வெளியில நிக்கிறா. அதை நினைச்சால் எனக்கு நித்திரை வாறேல்லை.”

இந்தச் சொற்கள்தான் பெரிய பிரச்சினையாகின. நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்புப் பெற்று மறுபடி கட்டியவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொன்னவர்களா என்று ஒரு குடும்பம் அழுதது. அவர்களுடைய வீட்டுக்கும் அவர் போனார். அங்கே என்ன கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. அருமைநாதன் அண்ணர் ஆயரிடம் முறையிட்டார். மறைத்துச் செய்யவில்லை, சுவாமியிடம் சொல்லிவிட்டே செய்தார். ஆயர் அழைத்து விசாரித்தார். அடுத்த ஞாயிறு, அதே கோயிலில் போலந்துக்காரரின் பூசை முடிந்து அவர்கள் வெளியே வர நாங்கள் உள்ளே போனோம். நிகழ்ச்சிக்கு ஒலிப்பதிவு செய்ய நானும் போயிருந்தேன். மறையுரையில் சுவாமி சொன்னது இதுதான்: “திருச்சபை சொன்னதில ஒரு சொல்லையும் நான் மாத்தேல்லை. நான் சொன்னதில, மற்ற ஆக்களை நோகப்பண்ணினதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். றெஜினாவைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுக்க மாட்டன்.”

றெஜினா பூசைக்குப் போவதை விடவில்லை. ஆனால் நன்மை எடுக்க, நற்கருணை வாங்க, எல்லோரும் வரிசையில் போகும்போது, கோயிலில் கட்டாததால் அது கிடைக்காத அவளும் தயாபரனும் பின்னால் உள்ள கடைசி வாங்கில் அப்படியே இருப்பார்கள். ஒரு ஞாயிறு, நன்மை கொடுத்து முடிந்து எல்லோரும் அமைதியாக இருக்கும் நேரத்தில், சுவாமி பீடத்தை விட்டிறங்கி வந்து அந்தக் கடைசி வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு எழும்பிப் போய் முடிவுச் செபத்தைச் சொன்னார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதைப் பற்றிக் கண்ணீரோடு கதைத்தவர்கள் உண்டு. வெட்கங்கெட்ட வேலை என்றவர்களும் உண்டு. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்ததும் றெஜினா அவரிடம் போனாள்.

“சுவாமி, இனி வந்து இருக்காதேங்கோ. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்கினம். நான் ஒரு மூலையில சும்மா இருக்க வந்தனான்.”

அவர் நிறுத்திவிட்டார். பின்னொரு நாள் என்னிடம் அதைப் பற்றிச் சொன்னார்: “அவவுக்காகச் செய்யிறன் எண்டு நினைச்சன். எனக்காகத்தான் செய்திருக்கிறன். என்ர மனச்சாட்சியைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில இருத்தினனான்.” அவரைப் புனிதராக்க விரும்புகிறவர்கள் இந்தக் கடைசி வாங்குக் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவதைக் கவனித்திருக்கிறேன். முழுவதையும் சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

அஞ்சலி நிகழ்ச்சிக்கு முன்னர் அருமைநாதன் அண்ணரை அழைத்து, லைனைத் திறக்கப் போகிறேன், நீங்களும் அழைப்பு எடுங்கள் என்றேன். எடுத்தார். “நான் அவரில வைச்ச மரியாதை குறையேல்லை. ஆனா ஒரு மேய்ப்பர் சனத்தைக் குழப்பக்கூடாது. அவர் குழப்பினவர்” என்றார். இளம் குரல் ஒன்று, பெயர் சொல்லாமல், பாதர் இல்லையென்றால் தான் எப்போதோ கோயிலை விட்டிருப்பேன் என்றது. இன்னொருவர், அவரால்தான் விட்டேன் என்றார். இவ்வளவு இரக்கம் உள்ள மனிதராலேயே மாற்ற முடியாத சட்டத்தின் கீழ் தன்னால் இருக்க முடியவில்லையாம்.

நிகழ்ச்சி முடியும் தறுவாயில் றெஜினா எடுத்தாள். அவள் எடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“நான் அவரை மன்னிக்கேல்லை” என்று தொடங்கினாள். “கோயில்ல கட்டாதது இப்பவும் நோகுது. இண்டைக்கும் நான் நன்மை எடுக்கிறேல்லை. ஆனா இஞ்சை எனக்குப் பின்னால கதைச்சவை எத்தினை பேர்? ‘மாட்டன்’ எண்டதை என்ர முகத்துக்கு நேர சொன்னது அவர் ஒராள்தான். சொல்லிப்போட்டு எழும்பி ஓடவும் இல்லை. நான் பேசினது முழுக்க இருந்து கேட்டவர். அவ்வளவுதான் அக்கா.”

லைனை வைத்துவிட்டாள்.

இறுதித் திருப்பலியை ஆயர் நடத்தினார். தமிழிலும் நோர்வேஜிய மொழியிலும் வாசகங்கள். கோயில் கொள்ளாத சனம். அடக்கம் முடிந்து, பங்கு மண்டபத்தில் கோப்பியும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். ஒரு மேசையில் றெஜினா தனியாக இருந்தாள். அருமைநாதன் அண்ணர் கோப்பையோடு வந்து, எதிர்க் கதிரையில் இருக்கலாமா என்று கேட்டார். இருந்தார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அவர்கள் கதைத்தது கேட்டது.

“அண்ணை, நீங்கள் இப்பவும் அதே நிலைப்பாடுதானோ?”

“ஓம். அதேதான்.”

“நானும் அதேதான்.”

“ரேடியோவில கேட்டனான்” என்றார் அவர். பிறகு, “அந்தாள் என்னையும் நித்திரை கொள்ள விடேல்லை, பிள்ளை” என்றார்.

றெஜினா சீனிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். மண்டபம் வெறுமையாகும் வரைக்கும் இரண்டு பேரும் எழும்பவில்லை. சமாதானம் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் துணிவில்லை.

அவருடைய மதம் என்னுடையது அல்ல. அவர் கடைப்பிடித்த சட்டம் சரியா என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது இங்கே முக்கியமில்லை. நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருப்பது ஒரு கேள்வியை. இன்னொருவரைப் பற்றி முறைப்பாட்டோடு யார் போனாலும் அவர் முதலில் கேட்பது, “இதை அவரிட்ட நேர சொன்னனீரோ?” என்பதுதான். எனக்கும் சில தடவை அந்தக் கேள்வி கிடைத்திருக்கிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில், மருமகளைப் பற்றியோ, சங்கத் தலைவரைப் பற்றியோ, சுவாமியைப் பற்றியோகூட யாராவது லைனில் வந்து கொதித்தால், அதே கேள்வியை நானும் கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறார்கள். சிலர், “இல்லை, சொல்லேல்லை” என்கிறார்கள். அவர்களோடு தொடர்ந்து கதைக்கிறேன்.