முட்டுச் சந்தில் ஒரு நீல பிக்கப்

எழுபதுகளின் கடைசியில், காலை ஒன்பது மணிக்குக் கரோல் பாக்கில் எங்கள் சந்துக்குள் யாராவது நுழைந்திருந்தால், மத்திய அரசாங்கமே ஒரு பிக்கப் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். அமைச்சகத்தில் தலைமை எழுத்தர் ஒருவர், கணக்குத் துறையில் ஒருவர், ரயில்வேயில் இரண்டு பேர், தபால் இலாகாவில் ஒருவர். டிபன் பாக்ஸை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ஏக், தோ, தீன்" என்று தள்ளுவார்கள். ஒரு காகிதத்தை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குத் தள்ள மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறவர்கள், எங்கள் வண்டியை அரை நிமிடத்தில் சந்து முனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தேசபக்தி ஒன்றும் இல்லை. தள்ளியவருக்கெல்லாம் ஆளுக்கு மூன்று இட்லி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சந்து முனைக்குள் இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்துவிடும். அப்புறம் என் வீட்டுக்காரர் வண்டியை ரிவர்ஸில் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்துவார். நிறுத்துவார் என்றேனே தவிர இன்ஜினை அணைக்க மாட்டார். சமையல் முடிந்து அண்டாக்களை ஏற்றுவது பதினொன்றரைக்குத்தான். அதற்குள் தள்ளுகிற ஆம்பிளைகள் எல்லாரும் ஆபீஸுக்குப் போயிருப்பார்கள். அதனால் இரண்டரை மணி நேரம் அது வாசலில் புகை விட்டபடி உறுமிக்கொண்டே நிற்கும். எதிர்வீட்டுப் பஞ்சாபிக்கார அம்மாள் துணி உலர்த்துவதையே விட்டுவிட்டாள்.

அந்த வண்டியை நம்பித்தான் எங்கள் பிழைப்பு இருந்தது. அதற்கும் காரணம் நான்தான். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருடம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். ஊரில் சர்க்கார் மாப்பிள்ளை என்று தேடிப் பிடித்துத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அவரைப் பிடித்து, "வேலைய விடுங்க, என் கை இருக்கு, ஊருக்கே சோறு போடலாம்" என்று ராஜினாமா எழுத வைத்தவள் நான். சேதி கேட்டு எங்கள் அப்பா திருநெல்வேலியிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து, மாப்பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று நேரில் பார்த்துவிட்டுப் போனார். பிசகியது தன் பெண்ணுக்கு என்று அவருக்குத் தெரியாது.

ஓர் அலுவலகத்தில் அறுபது பேருக்கு மதியச் சாப்பாடு என்று ஒப்பந்தம் கிடைத்தது. சாம்பார் சாதம், தயிர் சாதம், ஒரு பொரியல், அப்பளம். பன்னிரண்டே முக்காலுக்கு அங்கே இலை போட வேண்டும். வண்டி வழியில் சிக்னலில் நின்றுபோய் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. கேன்டீன் பொறுப்பில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனாலும், "இன்னும் ஒரு தடவை லேட்டானால் ஒப்பந்தம் ரத்து" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எங்களுக்கு வேறு வரும்படி கிடையாது. அது போனால் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அப்பா முகத்தில் விழிக்க வேண்டியதுதான். எனக்கு இரவில் தூக்கம் இல்லை, பகலில் சோறு இறங்கவில்லை. அறுபது பேருக்குச் சமைத்துவிட்டுத் தானே பட்டினி கிடந்தவள் தில்லியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வண்டிக்கு என்ன கேடு என்று எனக்கு அப்போதே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வாங்கின அன்றைக்கு இவர் செய்த காரியம் அப்படி. விற்றவனின் கொட்டகைக்குள்ளிருந்து வண்டியைப் பின்னாலேயே எடுத்து வெளியே கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து முன்னால்தான் ஏற்றுவார்கள். முதல் அடியே பின்னால் வைத்தால் குடும்பம் எப்படி முன்னுக்கு வரும்? அதனால்தான் சனியன் பிடித்து ஆட்டுகிறது என்று தினமும் சொல்லிக்காட்டுவேன். "செல்ஃப் மோட்டார்தான் கோளாறு, மெக்கானிக்கிட்ட காட்டுவமே" என்று இவர் ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "தோஷத்துக்கு ஸ்பேனர் வச்சா சரியாயிருமா?" என்று கேட்டேன். மந்திர் மார்க் பக்கம் கோயிலுக்குப் போய் மூன்று வாரம் அர்ச்சனை செய்தேன். முன்பக்கம் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். அது நன்றாகக் காய்ந்து சுருங்கியது, வண்டி எழவில்லை.

கடைசியில் ஓர் இரண்டாம் சனிக்கிழமை, இதைக் கொடுத்துவிட்டு வேறு வண்டி எடுப்பது என்று கிளம்பினோம். பழைய வண்டிகளை மாற்றிக் கொடுக்கிற ஒரு சர்தார்ஜியின் திடல் இருந்தது. அன்று அரசாங்கத்துக்கு விடுமுறை என்பதால் தள்ள ஆள் கூடுதலாகவே வந்தார்கள். கடைசித் தள்ளு என்று தலைமை எழுத்தர் நாலு வார்த்தை பேசினார். கை தட்டினார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தில்லித் தமிழர்களுக்குத் தமிழ் என்பது கதவைச் சாத்தின அறை. புடவைக் கடையில் கடைக்காரன் மூக்குக்கு நேரே நின்றுகொண்டு, "இவன் சொல்றது ஏமாத்து விலை, எழுந்திருந்து போற மாதிரி நடி" என்று சத்தமாகப் பேசிக்கொள்வோம். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த புடவையை விரிப்பான். நம் சாமர்த்தியத்தை நினைத்து நமக்கே பூரிப்பாக இருக்கும்.

சர்தார்ஜி எங்களை வரவேற்று, "இன்ஜினை அணையுங்கள், முதலில் சாய் குடிப்போம்" என்று இந்தியில் சொன்னார்.

நான் புன்னகையை மாற்றாமல் இவரிடம் தமிழில் சொன்னேன். "அணைச்சிராதிய! அணைச்சா அவ்வளவுதான், தெரு ஆளுக அம்புட்டுப் பேரையும் கூட்டிட்டு வரணும்."

"இருக்கட்டும் ஜி, ஓடட்டும்" என்றார் இவர்.

சர்தார்ஜி வற்புறுத்தவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "ஆஹா, என்ன சத்தம்! ஓடட்டும், ஓடட்டும், கேட்க நன்றாக இருக்கிறது" என்றார். இத்தனை வெகுளியா ஒரு வியாபாரி என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது.

முதலில் ஒரு பச்சை வண்டியைக் காட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் சுவரைப் பார்த்து நின்றது. இவர் முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேண்டாங்க," என்றேன் தமிழில். "எடுக்கும்போதே பின்னாலதான வரும்? போன தடவ பட்டது போதாதா? பூசை போடுத வரைக்கும் வண்டி ஒரு சாண் பின்னால போவக்கூடாது. ஓட்டிப் பாக்கும்போதும் அப்படித்தான். மீறுனிய, நான் ஏறவே மாட்டேன்."

"சரிட்டி, சரி. கத்தாத" என்றார்.

சர்தார்ஜி தாடியைச் சொறிந்துகொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல், திடலின் அடுத்த மூலைக்கு எங்களை அழைத்துப் போனார். அங்கே ஒரு நீல பிக்கப், வாசலைப் பார்த்து நின்றது. எனக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தது. இவர் சாவியைத் திருகினார். ஒரே திருகு, இன்ஜின் எழுந்துவிட்டது. நம்ப முடியாமல் அணைத்து அணைத்துப் பதினோரு தடவை எழுப்பிப் பார்த்தோம். பதினோரு தடவையும் எழுந்தது. வெளியே சாலையில் இரண்டு சுற்று, எல்லாம் முன்னாலேயே, ஓட்டிப் பார்த்தோம். நான் கண்ணை மூடிக் குலசாமியைக் கும்பிட்டேன். உறுமிக்கொண்டிருந்த எங்கள் பழைய வண்டியை அவர் தலையில் கட்டிவிட்டு, மேலே கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, அவர் அணைத்துப் பார்ப்பதற்குள் ஓடி வந்துவிட்டோம்.

எங்கள் சந்து முட்டுச் சந்து, எங்கள் வீடு அதன் கடைசி. புது வண்டி முகத்தைக் காட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்லி, நேராக உள்ளே கொண்டுவந்து சுவருக்கு இரண்டடி முன்னால் நிறுத்த வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை. அந்த இரண்டடியில் ஓர் அடி நகர்த்தி எலுமிச்சம்பழத்தை நசுக்கினோம். தெருவுக்கே கேசரி கிண்டினேன். இனிமேல் யாரும் தள்ள வேண்டாம் என்று இவர் கைகூப்பி அறிவித்தார். தபால் இலாகாக்காரர் மட்டும், இனி இட்லி உண்டா இல்லையா என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அண்டாக்களை ஏற்றினோம். இவர் சாவியைத் திருகினார், இன்ஜின் எழுந்தது. ரிவர்ஸ் போட்டார். தகரத்தைத் தரையில் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. வண்டி அசையவில்லை. மறுபடி போட்டார். ஐந்தாவது தடவை போட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். முன்னால் ஓர் அடியில் சுவர். பின்னால் அறுபது பேர் சாப்பாடு.

"இதுக்கு ரிவர்ஸே இல்லட்டி" என்றார்.

நான் நடுச்சந்தில் நின்று ஓவென்று கத்தினேன். இவரைத் தவிர ஆம்பிளை என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. எல்லாரும் இனி வேலை மிச்சம் என்று எட்டே முக்காலுக்கே ஆபீஸுக்குப் போய்விட்டார்கள், அதுவும் அவர்கள் சரித்திரத்தில் முதல் தடவையாக. என் சத்தம் கேட்டு வந்தவள் எதிர்வீட்டுப் பஞ்சாபிக்கார அம்மாள்தான். ஒரு பார்வை பார்த்தாள். துப்பட்டாவை இடுப்பில் வரிந்து கட்டினாள். "அரே, அழுது என்ன ஆகப்போகிறது? ஜல்தி, தள்ளு!" என்றாள். அவளும் நானும் சமையலுக்கு இருந்த இரண்டு பெண்களும் மூக்குப் பக்கம் நின்று தள்ளினோம். அந்தச் சந்து அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. முனைக்கு வந்ததும் நான் ஓடிப் பின்னால் ஏறி அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், வழியெல்லாம் சாம்பார் தளும்பி என் தலையில் வழிந்தது. பன்னிரண்டு நாற்பத்திரண்டுக்கு அந்த அலுவலக வாசலில் நின்றோம். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், என் தலையிலிருந்த முருங்கைக்காயைப் பார்த்தார், இலை போடச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாத்திரம் காலியானதும் நேரே சர்தார்ஜி திடலுக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் இந்தியில் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அங்கே வாசலிலேயே எங்கள் பழைய வண்டி நின்றது. யாரோ ஒருவன் சாவியைத் திருகினான். ஒரே திருகில் எழுந்தது. எனக்குப் பாதி வார்த்தை அங்கேயே மறந்துபோயிற்று.

மீதிப் பாதியைச் சர்தார்ஜி முன்னால் கொட்டினேன். ரிவர்ஸ் இல்லாத வண்டியைத் தலையில் கட்டலாமா, கடவுளுக்கு அடுக்குமா என்று கேட்டேன். அவர் முடிகிறவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு அழகான மெட்ராஸ் தமிழில் சொன்னார்.

"இன்னாம்மா நீ? அன்னிக்கு நீதானே சொன்னே, வண்டி ஒரு சாண் பின்னால போவக்கூடாதுன்னு? அதான் போவவே போவாத வண்டியா பாத்துக் குடுத்தேன்."

சர்தார்ஜி ஆவடியில் பட்டாளத்தில் எட்டு வருடம் இருந்தாராம்.

"உன் வண்டிய அணைச்சா எழாதுன்னும் நீதான் சொன்னே. நான் இன்னா, கோச்சிக்கினேனா? செல்ஃப் மோட்டார மாத்தினேன், அவ்ளோதான். சரியாப் பூட்ச்சி."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! விறுவிறுவென்று போய் வண்டியில் உட்கார்ந்தேன். அதிலும் ஒரு கேடு: திடலுக்குள் நேராக நுழைந்திருந்தோம். சர்தார்ஜியே ஆட்களைக் கூப்பிட்டு, தானும் தோள் கொடுத்து, எங்களைப் பின்னாலேயே தள்ளிச் சாலையில் விட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் நான்தான் ஆரம்பித்தேன். "எல்லாம் என்னாலதான். வண்டியும் என்னாலதான், வேலய விட்டதும் என்னாலதான். திட்டித் தொலைங்களேன், வாயத் தொறந்து."

இவர் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினார். "நான் ராஜினாமா எழுதிக் குடுத்தேனே, அதுல ரிவர்ஸ் இருந்துச்சா?" என்றார். "நாம ஓட்டலையா?"

முந்தானையில் முகத்தைத் துடைத்தேன். கண்ணீரா சாம்பாரா என்று தெரியவில்லை. "நாளைக்கு வண்டிய சந்து முனையிலயே போடுங்க," என்றேன். "அண்டாவ நான் தூக்கிட்டு வாரேன்."