ரெஜினா அக்கா கேட்காமல் போன பதிவு

செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, ஒலிப்பதிவுக் கருவியைச் சார்ஜில் போட்டதுதான். மாலையில் அதை ரெஜினா அக்காவிடம் எடுத்துப்போக வேண்டியிருந்தது. காபி ஆறுவதற்குள் அவர் மகள் ஷீலா அழைத்தார். "மேடம், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே."

எங்கள் கல்லூரி மாணவர்கள் மைசூர்த் தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, கேள்வி கேட்கும் அளவுக்குத் தமிழ் அவர்களில் பலருக்கு வரவில்லை. ஓய்வுபெற்ற நர்ஸான அக்கா துணைக்கு வந்தார். இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டுக்கு எங்களை அழைத்து வந்தவர் அவர்தான்.

நஞ்சன்கூட்டில் ஓர் அம்மாள், இறந்த மகனைப் பற்றிச் சொல்லும்போது உடைந்து அழுதார். அக்கா மைக்கைக் கையால் பொத்திவிட்டார். நல்ல பதிவு கெட்டுப்போனதே என்று திரும்பும் பஸ்ஸில் கோபித்துக்கொண்டேன். "என்ன மேடம், கண்ணீர் ஊத்தலேன்னா உங்க மெஷினுக்குப் பசி அடங்காதா?" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அவங்க நம்மகிட்ட அழுதாங்க. ஊருகிட்ட அழல."

தங்கள் பதிவைக் கேட்ட பிறகே யாரும் சம்மதம் தர வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த வழக்கம். தேவராஜ மொஹல்லாவில் பூ விற்கும் ஒருவர், "ஐயோ, என் குரலா இது? தகரத்தத் தட்டுற மாதிரி இருக்கே!" என்று வெட்கப்பட்டார். தம்பியைத் திட்டிய இடத்தை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கும்வரை அக்கா நகரவில்லை.

போன மாதம் மாணவர்கள் அக்காவையே பேச வைத்தார்கள். நான் அங்கில்லை. அழுதிருக்கிறார், மைக்கைப் பொத்த யாரும் இல்லை. முடிந்ததும், "நான் கேட்டுட்டுச் சொல்றேன், அப்புறம் வெச்சுக்கோங்க" என்றாராம். அதற்காகத்தான் அந்தச் செவ்வாய் மாலை.

வரும் ஞாயிறு நினைவுக் கூட்டம். "அவங்க அழுற பார்ட் சக்கத்தா, சூப்பரா இருக்கு மேம், அதையே போடலாம்" என்கிறாள் மாணவி காவ்யா. ஷீலாவோ, "அம்மா குரல் கொஞ்சம் கேட்டாப் போதும் மேடம்" என்கிறார். அந்தப் பதிவை நான் கேட்கவில்லை. கேட்க ஆசையாக இருப்பதுதான் என்னை உறுத்துகிறது. மகளுக்கு மறுக்க நான் யார்?

நேற்று மற்றவர்களின் பதிவுகளைத் திறந்தேன். அவர்களோடு உட்கார்ந்து அக்காவும் கேட்டுச் சரி என்றவை. ஒவ்வொருவர் பேச்சுக்கும் நடுவில் அவர் இருக்கிறார். "ம்... சொல்லுங்கம்மா." "தண்ணி குடிச்சிட்டு மெதுவாச் சொல்லுங்க." "அப்புறம்?"

அந்த "அப்புறம்?"தான் எனக்கென்று மிஞ்சியிருப்பது. ஞாயிறன்று அந்தக் குரலைத்தான் ஒலிக்கவிடப் போகிறேன். ஷீலாவுக்கும் அதையே கொடுப்பேன். அக்கா கேட்காமல் போனதை நானும் கேட்கப் போவதில்லை.

இதை உங்களைத் தவிர இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.