கொய்ரானோஸ் மகளைத் துரத்திய நாள்

எங்கள் ஓர்கொமெனோஸ் ஊரில் கொய்ரானோசைவிட இளகிய மனசுக்காரனை விளக்கு வைத்துத் தேடினாலும் கிடைக்காது. ஏரியில் விலாங்கு பிடித்துப் பிழைத்தவன். ஆனால் அதைத் தோலுரிக்க மகள் மெலித்தாதான் வரவேண்டும். இவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெண்சாதி செத்தபிறகு மகளே அவனுக்கு உலகம்.

மெலித்தாவுக்குத் தாய்வழி, பழைய ராஜ வம்சம். அந்த ராஜாவின் பெண்கள் தியோனிசோஸ் சாமியை மதிக்காமல் தறியே கதியென்று கிடந்தார்களாம். சாமி அவர்கள் புத்தியைப் பிடுங்கிக்கொண்டது. பெற்ற பிள்ளையையே பிய்த்துப் போட்டார்கள். அந்தப் பாவத்துக்கு வம்சத்துப் பெண்கள் வருஷந்தோறும் திருவிழாவில் ஓடவேண்டும். பூசாரி வாளோடு துரத்துவார். அகப்பட்டவளை வெட்டலாம், கேள்வி கிடையாது. எங்கள் காலத்தில் யாரும் வெட்டியதில்லை. வாளால் தோளைத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

அந்த வருஷம் பூசாரிச் சீட்டு கொய்ரானோசுக்கு விழுந்தது. மெலித்தா நிறைமாதக்காரி. தன் ஊருக்கே கூட்டிப்போய்விடுகிறேன் என்று அவள் புருஷன் எர்மாயோஸ் மன்றாடினான். ஊர் சிரித்தது. பெற்ற அப்பன் துரத்துகிறான், இதைவிடப் பத்திரம் ஏது என்றார்கள். அறிவுகெட்ட ஜனங்கள்! வாளைப் பிடிப்பவன் அப்பன், அவனை ஓட்டுவது சாமி என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

"நீ மெல்ல நடந்தே போம்மா. நான் நொண்டிக்கிட்டே பின்னால வர்றேன்" என்றான் கொய்ரானோஸ்.

குழல் ஊதினார்கள். சொன்னபடியே நொண்டினான், எல்லோரும் கைகொட்டினோம். பிறகு அவன் கழுத்து ஒருபக்கமாக வெட்டி இழுத்தது. அந்தப் பார்வை அவனுடையதே இல்லை. மெலித்தா திரும்பிப் பார்த்தாள். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே நின்றுவிட்டாள், பாவி மகள். ஓடுகிற பெண்களின் புருஷன்மார் கரி பூசிய துணி கட்டி ஓரமாய் நிற்கவேண்டும். கையை உயர்த்தினால் ஊரே அழியும் என்பது விதி. எர்மாயோஸ் நின்றான். வாள் அவள்மேல் பாய்ந்தது, என்ன செய்ய?

குழல் ஓய்ந்ததும் சாமி மலையேறிவிட்டது. சடங்கு முடிந்ததால் விதியும் முடிந்தது. எர்மாயோஸ் பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரத்தத்துக்கு ரத்தம், நாங்கள் வழிவிட்டோம். கொய்ரானோஸ் குப்புறக் கிடந்தவளைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"புள்ளத்தாச்சியாட்டம் இருக்கே. இது யாரு பெத்த பொண்ணு, மாப்ள?"

எர்மாயோசின் கையிலிருந்து கல் நழுவியது.

"நம்ம பொண்ணுதான், மாமா" என்றான்.