சர்க்கார் வக்கீலின் அபிப்பிராயம்

சமஸ்தானத்தின் சர்க்கார் வக்கீல் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஐந்து சர்க்கார் வக்கீல்கள் வந்துபோனார்கள். நான்கு பேர் சட்டத்தை மட்டும் நம்பி வந்தவர்கள். ஒருவர் அரசியலிலிருந்து வந்தார். அவரைத்தான் நான் கவனித்துப் பார்த்தேன்.

மல்லேஸ்வரத்துத் தமிழர். பிரதிநிதி சபையில் பல வருடம் சர்க்காரை வறுத்தெடுத்தவர். குற்றம் இன்னதென்று சொல்லாமல், பதில் கேட்காமல், எந்த ஊழியரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பது அவர் கட்சி. வருடந்தோறும் அதைப் பேசுவார். சர்க்கார் தரப்பில் வருடந்தோறும் புன்னகைத்து மறுப்பார்கள். பிறகு அதே சர்க்கார் அவரைத் தன் வக்கீலாக நியமித்தது. ஒருவர் வாயை அடைக்க இதைவிட மரியாதையான முறையை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

அவர் பதவிக்கு வந்த மூன்றாம் மாதம் ஒரு கோப்பு வந்தது. பெங்களூர் நகரத்துச் சர்க்கார் பள்ளி வாத்தியார் ஒருவர், தாம் குடியிருந்த ஜோகுபாளையத்தில் ஒரு கூட்டத்தில் சுயராஜ்யம் பற்றிப் பேசிவிட்டாராம். விசாரணை இல்லாமல் இவரை நீக்கலாமா என்பது கேள்வி. நீக்கினால் வேறெந்தப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது.

அபிப்பிராயம் கேட்டு வரும் கோப்பில், அதே விஷயத்தில் முன்பு சொல்லப்பட்டவற்றைக் குமாஸ்தா தேடி எடுத்து, சீட்டு வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். முந்தைய மூன்று வக்கீல்களும் ‘நீக்கலாம்’ என்று எழுதியிருந்தார்கள். மூன்றையும் வைத்தேன். அவற்றின்மேல் சபை நடவடிக்கைப் புத்தகத்தையும் வைத்து, இவர் பேசிய பக்கத்தில் சீட்டைச் செருகினேன். விதி அதைக் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. மனிதர் என்ன செய்வார் என்று பார்க்க ஆசை.

“இத யாருய்யா வெச்சது?”

“நான்தான் சார். முன்னாடி சொன்ன அபிப்பிராயமெல்லாம் வெக்கணும்னு வழக்கம்.”

“இது அபிப்பிராயமா? சபையில பேசினதுய்யா.”

“ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?”

“அங்க நான் சொன்னத ஒருத்தனும் செய்யல. இங்க சொன்னா செஞ்சு தொலைச்சிடுவாங்க.”

புத்தகத்தை மூடினார். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. கோப்பை மறுபடி புரட்டி, “வாத்தியார் பேசினது ஜோகுபாளையத்துலதானே? அது கன்டோன்மென்ட் ஆச்சே!” என்றார்.

அப்போது பெங்களூர் இரண்டாக இருந்தது. நகரம் மகாராஜாவுடையது, கன்டோன்மென்ட் ரெசிடென்சி என்ற அலுவலகம் மூலம் வெள்ளைக்காரர் ஆண்டது. நடந்தே போய்விடலாம், ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் போலீஸ் வேறு, நீதிமன்றம் வேறு.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விசாரணையின்றி நீக்கச் சர்க்காருக்கு முழு அதிகாரம் உண்டு. ஆயினும் பேச்சு நடந்தது சமஸ்தானத்துக்கு வெளியே; கோப்பில் இருப்பது யாரோ எழுதிய நகல். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துமுன் அசல் அறிக்கையை ரெசிடென்சி மூலம் முறைப்படி பெற வேண்டும்.

“அப்ப நீக்கலாமா, கூடாதா சார்?”

“தாராளமா நீக்கலாம். காகிதம் வரட்டும்.”

அந்தக் காகிதத்தைக் கேட்டு எங்கள் கடிதம் செக்ரடேரியட்டுக்கும், அங்கிருந்து திவான் அலுவலகத்துக்கும், பிறகு ரெசிடென்சிக்கும் போக வேண்டும். பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். வராவிட்டால் மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டியவன் நான்.

இரண்டு மாதம் கழித்து வாத்தியாரே மதிய இடைவேளையில் வந்து என் மேஜை முன் நின்றார்.

“என் விஷயம் என்னாச்சு சார்? வகுப்புல நிக்கறப்போ வாசல்ல பியூன் தலை தெரிஞ்சா நீக்கற ஆர்டரோன்னு பாடத்தை நிறுத்திடறேன்.”

“ஒரு பேப்பர் வரணும்.”

“எப்ப வரும்?”

“யாராவது ஞாபகப்படுத்தினா வரும்.”

“யாரு ஞாபகப்படுத்தணும்?”

“நான்தான்.”

வாத்தியார், விரலில் இருந்த சாக்பீஸ் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிற்பகல் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.

சர்க்கார் வக்கீல் தம் பழைய கொள்கைக்காக அப்படி எழுதினாரா, வெறும் வக்கீல் புத்தியா என்பது எனக்குப் பிடிபடவே இல்லை. நீதிபதியாகப் பதவி உயர்ந்து போன அன்று, கடைசிக் காகிதங்களில் கையெழுத்திட்டுக்கொண்டே கேட்டார்:

“அந்த ஜோகுபாளையம் வாத்தியார் விஷயமா ரிமைண்டர் போச்சா?”

“இல்ல சார்.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட இல்ல.”

“ரொம்பத் தப்புய்யா” என்று சொல்லிவிட்டு, அடுத்த காகிதத்துக்குக் கை நீட்டினார்.