ஒன்றும் தெரியாத உத்தியோகம்

அப்பாவின் தொழில், கம்ப்யூட்டர் தெரியாமல் இருப்பது. அதற்குச் சம்பளம் வாங்கினார். போன மாதம் அவர் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள், "அப்பா என்னவா இருந்தார்?" என்று கேட்டார்கள். "கம்ப்யூட்டர் ஆசிரியர்களைத் தேர்வு செய்தார்" என்றேன். பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொண்டு போனார்கள். நான் சொன்னது பொய் இல்லை. கொஞ்சம் சுருக்கம், அவ்வளவுதான்.

அதற்கு முன் மரக்கடையில் பலகை அளந்துகொண்டிருந்தார். கடை மூடிவிட்டது. என் தாய்மாமன் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்திவந்தார். அக்கா புருஷன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று, கதவைத் திறந்து மூடும் வேலை கொடுத்தார்.

நிலையத்தில் எல்லாம் இருந்தது, மாணவர்கள்தான் தங்கவில்லை. மாமா பிடித்துவந்த நிபுணர்கள் சான்றிதழ்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். வகுப்பில் மாணவரின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி, நாலு தட்டு தட்டி, "அவ்வளவுதான், ரொம்ப சிம்பிள்" என்றார்கள். மாணவர் தலையாட்டினார். மறுவாரம் வரவில்லை.

கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் மாமாவைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இவங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியுது. சொல்லிக்கொடுக்கத் தெரியுதான்னு யார் பாத்தா?"

"அதை எப்படி மச்சான் பாக்குறது?"

"எனக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லு."

"உங்களுக்கா? கல்லுல நார் உரிக்கச் சொல்றீங்க."

"உரிக்கிற ஆளா பாத்து எடுத்துக்கோ."

தேர்வு இப்படி நடக்கும். அப்பா கம்ப்யூட்டர் முன் உட்காருவார். நிபுணர் பின்னால் நிற்பார், ஒவ்வொரு கையிலும் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய ஒரு டம்ளருடன். மவுஸைத் தொட வழியில்லை, வாய் மட்டும்தான். அப்பா தன் பெயரை அடித்து, சேமித்து, மூடிவிட்டு, மறுபடி தேடி எடுக்க வேண்டும். தண்ணீர் சிந்தினால் நிபுணர் வீட்டுக்குப் போகலாம்.

ஒருவர் மவுஸ் ஆசையில் இரண்டு டம்ளரையும் ஒரே கையில் பிடித்தார். நனைந்தது அப்பா. ஒருவர் முதல் காரியமாக இரண்டையும் குடித்துவிட்டு, "இப்ப சிந்தாது" என்றார். ஒருவர் மூக்கால் திரையைச் சுட்டப் போய்த் திரையில் மூக்கை இடித்துக்கொண்டார். முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர், "ஏன் சார் உங்களுக்குப் புரியவே மாட்டேங்குது?" என்று அழுதேவிட்டார். அப்பா அவர் கையிலிருந்த தண்ணீரையே அவருக்குப் புகட்டி அனுப்பிவைத்தார். ஏட்டுச் சுரைக்காய்கள் வரிசையாகத் திரும்பிப் போயின. தேறிய ஓரிருவரின் வகுப்பில் மட்டும் நாற்காலி போதவில்லை. கதவைத் திறக்க வேறு ஆள் வந்தார். அப்பாவுக்கு 'எடைக்கல்' என்று பெயர் வந்தது.

நான் அளவுக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுபவள். எடைக்கல் தேயக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொரு தேர்விலும் எதையாவது கற்றுக்கொண்டுவிடும் அபாயம் இருந்தது. முடிந்ததும் வீட்டுக்கு வந்து, மதியம் தூங்கி, மறப்பார். பட்டன் போன் மட்டும் வைத்திருந்தார். விடுமுறைக்கு வந்து நான் லேப்டாப்பைத் திறந்தால், யாரோ குளிப்பதைப் பார்த்துவிட்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"மூடும்மா, மூடு. கண்ணுல பட்டுத் தொலைக்கப்போகுது."

ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம், நோயைச் சொல்வதுபோல் சொன்னாராம்: "எனக்கு அதை ஆன் பண்ணத் தெரிஞ்சுபோச்சு."

"வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்றாள் அம்மா. "வீட்டுல மிக்ஸியை ஆன் பண்ணத் தெரியாதவர்னு நான் சாட்சி சொல்றேன்."

எனக்கு வேலை கடல் தாண்டி. நாலு வருஷமாக ஒரே அறை. அம்மா வாரா வாரம் வீடியோவில் என் அடுப்பையும் அழுக்குத்துணியையும் பார்த்துத் திட்டுவாள். அப்பா திரைக்குப் பின்னால் நின்று பேசுவார். குரல் வரும், ஆள் வராது. பார்த்தால் பழகிவிடும், பழகினால் கைவந்துவிடும், கைவந்தால் வேலை போய்விடும். "ரிட்டயர் ஆனதும் பாக்குறேன்மா. ரூம் எங்கயும் ஓடிடாதே?" என்பார்.

அப்போதுதான் ஒரு அம்மாள் தேர்வுக்கு வந்தார். அதற்கு முன் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். பக்கத்து இருக்கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைத் தொடாமல் உட்கார்ந்து பழகியவர். டம்ளர்களை வாங்கிக்கொண்டார். தண்ணீர் அசையவில்லை.

"சார், முன்னால என்ன வேலை பாத்தீங்க?"

"மரக்கடைம்மா."

"ஒருத்தர் வந்து பலகை கேட்டா எப்படித் தேடி எடுப்பீங்க?"

"எதுக்குத் தேடணும்? தேக்கு ஒரு பக்கம், வேம்பு ஒரு பக்கம். அதுக்குள்ள கனம் வாரியா அடுக்கியிருக்கும்."

"இதுவும் கடைதான் சார். காலியா கிடக்கு. நீங்களே அடுக்குங்க. முதல்ல தேக்குக்கு ஒரு இடம் போடுவோமா?"

அப்பா தேக்குக்கு ஒரு இடம் போட்டார். அதற்குள் கனங்களைப் போட்டார். வேம்புக்குப் போட்டார். தன் பெயரை அடித்து வேம்பில் வைத்தார், மூடினார், எடுத்தார், தேக்குக்கு மாற்றினார். அந்த அம்மாள் கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மாமா வந்து தோளைத் தொட்டபோது, "இரு மாப்ளே, சரக்கு இறங்கிட்டு இருக்கு" என்றார்.

அன்று மதியம் தூங்கிப் பார்த்தார். மறக்கவில்லை. மறுநாளும் தூங்கினார். கண்ணை மூடினால் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரிந்தது.

அடுத்து வந்த நிபுணர், "முதல்ல வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் அப்பாவின் விரல் வேலையை முடித்திருந்தது. நிபுணர் தன் திறமையைத் தானே வியந்தார். "பாத்தீங்களா சார், என் மெத்தட்!"

மாமா அப்பாவைத் தனியே அழைத்துப் போனார்.

"மச்சான், தெரியாத மாதிரி நடிங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"நடிச்சா நான்தானே மார்க் போடுறேன்? எவன் நல்லாப் பேசுறானோ அவனை எடுத்துடுவேன். பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடும்."

"அப்ப அந்தம்மாவை ஃபெயில்னு சொல்லிடுங்க. நீங்க இருங்க. கத்துக்கிட்டதை மறக்க ஒரு மாசம் லீவு தர்றேன்."

"கல்லுல நார் உரிச்சிருக்காங்க மாப்ளே. அவங்களை விட்டுட்டு என்னை வச்சு என்ன பண்ணப்போறே?"

"உங்களை மாதிரி ஒண்ணும் தெரியாத ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"போற வர்றவன்கிட்ட கேளு. எல்லாம் தெரியும்னு சொல்லாதவனா பாத்து உட்கார வை."

அப்படி ஒருவரும் மாமாவுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த அம்மாளின் வகுப்பு மட்டும் காலை, மாலை இரண்டு வேளையும் நடக்கிறது.

அப்பா மாமாவிடம் அப்படிச் சொன்ன அன்று சாயங்காலம் என் போனில் வீடியோ அழைப்பு. அம்மா என்று எடுத்தேன். திரையில் ஒரு காது. பிறகு நெற்றி. பிறகு அப்பா முழுதாக வந்தார்.

"வேலை போயிடுச்சும்மா" என்றார். பல்லெல்லாம் தெரிந்தது.

"ஐயோ. ஏன்பா?"

"நல்லாச் சொல்லிக்கொடுத்துட்டாங்க. அது கிடக்கட்டும். உன் ரூமைக் காட்டு."

போனைச் சுற்றிக் காட்டினேன். கட்டில், அடுப்பு, ஜன்னல், அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அப்பா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"இவ்வளவு சின்ன ரூம்லயா இருக்கே?"

"ஒரு ஆளுக்குப் போதும்பா."

"கட்டிலை அந்தப் பக்கம் தள்ளு. கீழ இன்னொரு ஆள் படுக்கலாம்."

தள்ளினேன். டிக்கெட்டை அவரே போட்டார், யாரிடமும் கேட்காமல். வந்தார். கீழே படுத்தார். நான் வேலைக்குப் போக எழுந்தால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். குறட்டையில் பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான். மூன்று வாரம் இருந்துவிட்டு, அம்மா கூப்பிடுகிறாள் என்று ஊருக்குப் போனார். அதற்குப் பிறகு அவரைத் திரையில்தான் பார்த்தேன்.

அந்த வேலை அவருக்கு இன்னும் நாலு வருஷம் முன்னாலேயே போயிருக்கலாம்.